777 போட்ட வெள்ளிக்கிழமை

முதல்லயே சொல்லிடுறேன், இந்தக் கதையில தப்பு பண்ணது நான்தான். வெண்டர் இல்ல, புதுசா சேந்த பையன் இல்ல, ஹேக்கர் எவனும் இல்ல. சிங்கப்பூர்ல உபி வட்டாரத்துப் பக்கம் ஒரு டெலிவரி கம்பெனி, பேரு வேணாம், அங்க சர்வர் பாக்குற ஆளு நான், ஆளுன்னா ஒரே ஆளுதான், லீவு போட்டாலும் போன் என்கிட்டதான் வரும். நடந்தது 2022 தீபாவளிக்கு. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24, திங்கக்கிழமை, லாங் வீக்எண்டு, எல்லாருக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. டிரைவருங்க சாமான் குடுத்ததும் வாசல்ல வச்சு ஒரு போட்டோ எடுப்பாங்கல்ல, அந்தப் போட்டோ அப்லோட் ஆகலன்னு கம்ப்ளைண்ட். லாக்ல பாத்தா பெர்மிஷன் டினைட். காரணம் ரொம்ப சின்னது, அன்னைக்கு மத்தியானம் புது வெர்ஷன் ஏத்தினப்ப அப்லோட் ஃபோல்டரோட ஓனர் மாறிப்போச்சு, வெப்சர்வர் ஓடுற யூசருக்கு அதுல எழுத உரிமை இல்ல. ஓனரைத் திருப்பி மாத்தினா முடிஞ்சிருக்கும், ஒரே ஒரு சிஎச்ஓன். ஆனா எனக்கு ஏழரைக்கு கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில அம்மாவைப் பாக்கணும், அவங்க ஏற்கனவே பஸ் ஏறிட்டாங்க, ஓனர் யாரு குரூப் யாருன்னு யோசிக்கிற பொறுமை இல்ல. கை தானா போயி சிஎச்மாட் 777 அடிச்சுது, அதுவும் மைனஸ் பெரிய ஆர் போட்டு, அதாவது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேத்து.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சிஎச்மாட்ங்கிறது ஒரு ஃபைலை யாரு என்ன பண்ணலாம்னு மாத்துற லினக்ஸ் கமாண்ட். 4னா படிக்கலாம், 2னா எழுதலாம், 1னா ஓட்டலாம், கூட்டினா 7. முதல் 7 ஓனருக்கு, ரெண்டாவது குரூப்புக்கு, மூணாவது ஊர்ல உள்ள எல்லாருக்கும். 777னா யாரு வேணா வாங்க, எது வேணா பண்ணுங்க. இணையத்துல எந்தப் பிரச்சினைக்கும் எவனாவது ஒருத்தன் இந்த மருந்தைச் சொல்லுவான், அதுவும் வேலை செய்யும், அதான் கஷ்டமே.

இப்ப நான் அடிச்ச கமாண்ட். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ன்னு ஆரம்பிக்கிற ஒரு பாதை அடிக்கணும். /வார்னா டேட்டாபேஸ், லாக்னு சர்வர்ல மாறிக்கிட்டே இருக்கிறதெல்லாம் இருக்கிற பெரிய ஃபோல்டர். நான் அடிச்சது /வார், அப்புறம் ஒரு ஸ்பேஸ், அப்புறம் /டபிள்யூடபிள்யூடபிள்யூ/. அந்த ஒரு ஸ்பேஸ்ல அது ரெண்டு வேலையா மாறிடுச்சு, முதல்ல /வார் முழுசுக்கும் 777 போடு, அப்புறம் /டபிள்யூடபிள்யூடபிள்யூன்னு ஒண்ணு இருந்தா அதுக்கும் போடு. கர்சர் ஒரு அஞ்சாறு செகண்டு சும்மா நின்னுச்சு. அப்புறம் ஒரு வரி, அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ கிடையாதுன்னு. நான் என்ன நெனச்சேன், சரி, தப்பா அடிச்சுட்டோம், ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சேன். நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த வரியே வந்துச்சுங்கிறது அப்ப மண்டையில ஏறல. திருப்பி ஒழுங்கா அடிச்சேன், போட்டோ அப்லோட் ஆச்சு, லேப்டாப்பை மூடிட்டு ஓடினேன். சிராங்கூன் ரோடு பூரா லைட்டு, கூட்டத்துல அம்மாவைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம்.

நெறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு, எனக்கும் அன்னைக்கு வரைக்கும் பாடமாத்தான் தெரியும், அனுபவமாத் தெரியாது. /வார் முழுசையும் கெடுத்துட்டேன், ஆனா அடுத்த ரெண்டரை நாள் சர்வர் பாட்டுக்கு ஓடுச்சு. ஏன்னா லினக்ஸ் பெர்மிஷனைக் கேக்குறது ஃபைலைத் தொறக்குற நேரத்துல மட்டும்தான். ஒரு புரோகிராம் ஏற்கனவே தொறந்து கையில வச்சிருக்கிற ஃபைலைப் பத்தி யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க. அது போக, இன்னும் சில சாஃப்ட்வேர் தன்னோட ஃபோல்டர் பத்திரமா இருக்கான்னு தானே ஒரு செக் பண்ணும், அதையும் ஸ்டார்ட் ஆகும்போதுதான் பண்ணும். அப்ப என்ன ஆகும், நீங்க தப்பு பண்ற நேரமும் அது வெடிக்கிற நேரமும் ஒண்ணா இருக்காது. நடுவுல ஒரு ரீபூட் வரணும். எங்க சர்வருக்கு மாசாந்திர பேட்ச் ரீபூட் எப்பன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி தாண்டி, திங்கக்கிழமை விடியக்காலை மூணு மணி. லீவு நாள்ல யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு அந்த நேரத்தை வச்சதும் நான்தான்.

நடுவுல அறிகுறி எதுவும் வரலன்னு சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தேக்கா மார்க்கெட்டுல ஆட்டுக்கறி வாங்க வரிசையில நிக்கிறேன், போன்ல ஒரு அலர்ட், டிஸ்க் நிரம்பிக்கிட்டு வருதுன்னு. தீபாவளி சீசன், போட்டோ நெறைய வந்திருக்கும், செவ்வாக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளிவிட்டுட்டேன். கறிக்காரர் நெஞ்செலும்பு வேணுமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு, அது அவசரம்.

திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு முன்னாடி போன். எங்க வீட்ல அம்மா தீபாவளிக்கு நாலரைக்கெல்லாம் எழுப்பிடுவாங்க, ஈசூன்ல வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி, பக்கத்து வீட்டுக்காரங்க தூங்குறாங்கன்னு ரகசியமா ஒரு தீபாவளி. தலையில நல்லெண்ணெய் வச்சு நல்லாத் தேய்ச்சுவிட்டு, ஊறட்டும் உக்காருன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்ப ஆபரேஷன்ஸ்ல நைட் ஷிப்ட் பாக்குற அபாங் கூப்பிடுறாரு. "ப்ரோ, ஹேப்பி தீபாவளி, சாரி ப்ரோ, ஆப் ஓப்பன் ஆகல, டிரைவர் எல்லாம் கீழ நிக்கிறாங்க." எண்ணெய் வழியுற தலையோட லேப்டாப்பைத் தொறந்தேன். அந்தக் கீபோர்டுல இன்னைக்கும் அந்த வாசனை இருக்கு, நிஜமா.

முதல்ல எங்க டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரஸ் ஓடுதான்னு பாத்தேன். சிஸ்டம்சிடிஎல்ல ஸ்டேட்டஸ் கேட்டா பச்சைக் கலர்ல ஆக்டிவ்ன்னு சொல்லுது. சரி டேட்டாபேஸ் நல்லாருக்குன்னு நம்பி ஆப்ல போயி இருபது நிமிஷம் தேடினேன். எங்க சர்வர்ல ஓடுற டெபியன்ங்கிற லினக்ஸ்ல இது ஒரு பழைய குழி. போஸ்ட்கிரஸ்க்யூஎல்ங்கிற சர்வீஸ் வெறும் குடைதான், அது எப்பவுமே ஆக்டிவ்ன்னுதான் சொல்லும், பக்கத்துல பிராக்கெட்டுல எக்ஸிட்டட்ன்னு சின்னதா இருக்கும், அதை எவன் படிக்கிறான். உண்மையான டேட்டாபேஸ் வெர்ஷன் நம்பரோட தனி சர்வீஸா இருக்கும். பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை அடிச்சா ஒரே வரியில உண்மை தெரியும். டவுன்.

லாகைத் தொறந்தா டேட்டா டைரக்டரிக்கு பெர்மிஷன் சரியில்ல, 0700 இல்லன்னா 0750 தான் இருக்கணும்னு சொல்லி நின்னுடுச்சு. 11வது வெர்ஷனுக்கு முன்னாடி 0700 மட்டும்தான், குரூப்புக்குப் படிக்க விடுற அந்த 0750 அதுக்கப்புறம் வந்தது. எங்களுது 13.

இங்கதான் எனக்கு ஒரு நிமிஷம் புரியல. பெர்மிஷன் பிரச்சினைன்னாலே நம்ம மனசுல வர்றது என்ன, கதவு பூட்டியிருக்கு, உள்ள போக முடியல. இங்க தலைகீழ். கதவு அகலமாத் தொறந்து கெடக்கு, அதனாலேயே வீட்டுக்காரன் உள்ள வரமாட்டேங்கிறான். என்னோட டேட்டாவை யாரு வேணாலும் வந்து மாத்தியிருக்கலாம், அப்படிப்பட்ட எடத்துல நான் ஸ்டார்ட் ஆக மாட்டேன்னு போஸ்ட்கிரஸ் சொல்லுது. யோசிச்சுப் பாத்தா நியாயம்தான், ஆனா விடியக்காலை அஞ்சே கால் மணிக்கு நியாயம் பேசினா கோவம்தான் வரும்.

அந்த ஒரு டைரக்டரிக்கு 700 போட்டேன், ஸ்டார்ட் பண்ணேன், ஓடுச்சு. ஆஹா முடிஞ்சுதுன்னு அபாங்குக்கு மெசேஜ் போட்டுட்டு எந்திரிச்சேன். "ப்ரோ லாகின் ஆகுது, ஆனா ஜாப் வரல." ராபிட்எம்க்யூ, சாஃப்ட்வேருக்கு நடுவுல வேலையைக் கைமாத்திவிடுற தபால்காரன். அதுக்கு எர்லாங் குக்கின்னு ஒரு சின்ன ஃபைல் இருக்கும், ஒரே ஒரு வரி ரகசியம். அதை ஓனர் மட்டும்தான் பாக்கலாம், வேற யாராவது பாக்க முடியும்னா ராபிட் எந்திரிக்கவே எந்திரிக்காது. அதையும் 400 போட்டு எழுப்பினேன். ஆனா மண்டையில மணி அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு சாஃப்ட்வேர், ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்ல, ரெண்டும் ஒரே காலையில ஒரே மாதிரி கோவிச்சுக்குதுன்னா?

/வார் உள்ள போயி எல்எஸ் அடிச்சேன். டெர்மினல்ல ஃபோல்டர் பேரு சாதாரணமா நீலக் கலர்ல வரும். ஊர்ல உள்ளவன் எல்லாம் எழுதலாங்கிற ஃபோல்டரா இருந்தா பச்சைப் பட்டை மேல நீலமா வரும், கண்ணை உறுத்தும். நான் பாத்தப்ப ஸ்கிரீன் பூரா பச்சைப் பட்டை. வாழையிலை விரிச்ச மாதிரி. வயித்துக்குள்ள ஒரு சில்லிப்பு எறங்கிச்சு பாருங்க, அதைச் சர்வர் பாக்குறவன் எவன்கிட்ட சொன்னாலும் புரியும்.

யாரு பண்ணது? என் முதல் சந்தேகம் பேட்ச் மேல. ரெண்டாவது வெண்டர் மேல, அவங்ககிட்ட ஒரு லாகின் இருக்கு. மனசுக்குள்ள இமெயில் கூட எழுத ஆரம்பிச்சுட்டேன், நல்லா காரசாரமா. அப்புறம் ஸ்டாட் கமாண்ட் போட்டுப் பாத்தேன். ஒரு ஃபைலுக்கு பல நேரம் இருக்கும், அதுல மாடிஃபைங்கிறது உள்ள இருக்கிற விஷயம் மாறின நேரம், சேஞ்ச்ங்கிறது ஓனர், பெர்மிஷன் இந்த மாதிரி வெளி விவரம் மாறினாலும் மாறும் நேரம். சிஎச்மாட் பண்ணா மாடிஃபை அப்படியே இருக்கும், சேஞ்ச் மட்டும் நகரும். வருஷக்கணக்கா யாரும் தொடாத ஃபைலை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் சேஞ்ச் ஒரே நேரம். வெள்ளிக்கிழமை, 21ந் தேதி, 18:47.

18:47க்கு அந்த மெஷின்ல லாகின் ஆகியிருந்தது ஒரே ஒருத்தன். அடிச்ச கமாண்ட் எல்லாம் சேருற பாஷ் ஹிஸ்டரியில நேரமும் பதியுற மாதிரி நானே செட் பண்ணி வச்சிருந்தேன், அடுத்தவனைப் பிடிக்கத்தான். அதுல அந்த வரி, அந்த ஸ்பேஸோட, அழகா உக்காந்திருக்கு. வெண்டருக்கு எழுதுன மெயிலை மனசுக்குள்ளயே டெலிட் பண்ணேன்.

அடுத்து நான் பண்ணது முதல் தப்பை விட முட்டாள்தனம். பதட்டத்துல ஃபைண்ட் போட்டு /வார்ல இருக்கிற ஃபோல்டருக்கெல்லாம் 755, ஃபைலுக்கெல்லாம் 644ன்னு ஒரே அடி. சாதாரணமா அப்படித்தானே இருக்கும்னு ஒரு கணக்கு. அடிச்சு முடிச்சு, ராபிட்டை ஒரு தடவை ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாப்போம்னு ஏபிடி போட்டா அதுவும் பெர்மிஷன் டினைட். பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது ஓடுற சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எல்லாம் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோங்கிற எடத்துலதான் இருக்கு, அதெல்லாம் ஓடணும்னா ஓட்டுற பிட் வேணும், நான்தான் இப்ப அதை உருவிட்டேனே. போதாததுக்கு, கொஞ்ச நேரம் முன்னாடி கைப்பட 700, 400ன்னு சரி பண்ணி வச்சதும் இதுல அடிபட்டுப் போச்சு. 777க்கு முன்னாடி எது எப்படி இருந்துச்சுன்னு எங்கயும் எழுதி வச்சிருக்காது. சிஎச்மாடுக்கு அன்டூ கிடையாது. பழசை அழிச்சுட்டுத்தான் புதுசை எழுதும்.

இனிமே தனியா முடியாதுன்னு ஒரு அண்ணனுக்குப் போன் போட்டேன். ஜூரோங் பக்கம் டேட்டா சென்டர்ல பல வருஷமா வேலை, திருச்சிக்காரரு, எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் குடுத்தவரு. தீபாவளி அன்னைக்கு ஆறரைக்கு எடுத்தாரு.

"சொல்லு தம்பி, பண்டிகை நாளும் அதுவுமா."

சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, பின்னால குக்கர் விசில் மட்டும்.

"செட்டிங்ஸ் இருக்கிற /எடிசி தொட்டியா?"

"இல்லண்ணே, /வார் மட்டும்தான்."

"அப்ப பொழச்ச. தூரத்துல இருந்து நுழையுற எஸ்எஸ்எச் உள்ள விடுதுல்ல? அதான். /எடிசியில அடிச்சிருந்தா சர்வரோட எஸ்எஸ்எச் சாவியே வேணாம்னு ஒதுக்கிடும், அப்புறம் நீ வெளிய நின்னு கதவைத் தட்ட வேண்டியதுதான். /யூஎஸ்ஆர்ல அடிச்சிருந்தா சுடூ போயிருக்கும். அதை ரூட் அதிகாரத்துல ஓட விடுற செட்யூஐடி பிட்டு உதிந்துடும், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரா ஆகவே முடியாது. சரி, இதே மாதிரி இன்னொரு மெஷின் இருக்கா?"

ஸ்டேஜிங் இருந்துச்சு, புதுசு எதையும் முதல்ல சோதிச்சுப் பாக்குற மெஷின். ஒரே டெபியன், ஒரே பேக்கேஜ், ஒரே ஸ்கிரிப்ட்ல கட்டினது. அண்ணன் சொன்ன வழி எனக்கு இன்னைக்கு வரைக்கும் மந்திரம் மாதிரிதான் இருக்கு. ஸ்டேஜிங்ல கெட்ஃபேக்ல்னு ஒரு கமாண்டை /வார் முழுசுக்கும் ஓட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓனர் யாரு, குரூப் யாரு, என்ன பெர்மிஷன், ஸ்டிக்கி பிட் இருக்கா எல்லாத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா துப்பும். அந்த ஃபைலைக் கொண்டுபோயி இங்க செட்ஃபேக்ல்கிட்ட ரெஸ்டோர்னு குடு. பேரு அதிகார அனுமதிப் பட்டியலுக்கானதுதான், ஆனா சாதாரண பெர்மிஷனையும் அதுவே திருப்பி வச்சிடும். ரெட்ஹேட் வகையறா லினக்ஸா இருந்தா ஆர்பிஎம்ங்கிற அதோட பேக்கேஜ் கமாண்ட்கிட்டயே பேக்கேஜ் வாரியா பெர்மிஷனைத் திருப்பி வைன்னு கேட்டிருக்கலாம், டெபியன்ல அந்தச் சொகுசு இல்ல.

ஓட்டினேன். பச்சைப் பட்டை எல்லாம் பழையபடி நீலமா மாறுறதைப் பாக்கக் கண்ணுல தண்ணி வராத குறை. எண்ணெய்தான் கண்ணுல எறங்கிச்சு.

ஸ்டேஜிங்ல இல்லாதது இங்க நெறைய இருந்துச்சு, அதுதான் மிச்ச வேலை. போஸ்ட்கிரஸ் டேட்டாவைக் கையால, ஃபோல்டருக்கு 700, ஃபைலுக்கு 600. அப்புறம் கிரான், குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டிவிடுறது. இது ஒரு தனிச் சிரிப்பு. டெபியன் கிரான் ஒவ்வொரு யூசரோட கிரான்டேப் ஃபைலும் 0600ல இருக்கணும்னு எதிர்பாக்கும், இல்லன்னா லாக்ல ஒரு வரி எழுதிட்டு அந்த ஃபைலையே விட்டுடும். ஆனா அதுவும் வெள்ளிக்கிழமை ஒண்ணும் சொல்லல, ஏன்னா அட்டவணை ஏற்கனவே அதோட மெமரியில இருக்கு, ஃபைல்ல உள்ள விஷயமும் மாறல, திரும்பப் படிக்க அதுக்குக் காரணமே இல்ல. ரீபூட் ஆனதும் படிச்சுச்சு, பிடிக்கல, விட்டுடுச்சு. காலை அஞ்சு மணிக்கு டிரைவருக்குப் போற வழி போட்டுக் குடுக்கிற ஜாப் ஓடாதது அதனாலதான். பழைய லாகை எடுத்து ஒதுக்கி வைக்கிற லாக்ரொட்டேட் சனிக்கிழமையில இருந்தே புலம்பிக்கிட்டு இருந்திருக்கு, லாக் ஃபோல்டர் பத்திரமா இல்ல, நான் தொட மாட்டேன்னு. போஸ்ட்ஃபிக்ஸ் முணுமுணுத்துக்கிட்டே மெயிலை அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, நம்ம ஊரு கடை அங்கிள் மாதிரி. ரெடிஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ் வாயே தொறக்கல. டேட்டா ஃபைல் பப்பரப்பான்னு தொறந்து கெடக்கு, அதுக்கு ஒரு கவலையும் இல்ல. கோவிச்சுக்கிட்டு நின்னதெல்லாம் நல்ல பிள்ளைங்கன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

எட்டரை மணிக்கு எல்லாம் ஓடுது. அம்மா மூணாவது தடவையா வந்து, "எண்ணெய் காஞ்சே போச்சுடா, சளி பிடிக்கும்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. குளிக்கப் போகலாம்னு எந்திரிச்சா மறுபடி டிஸ்க் அலர்ட். முந்தின நாள் ஆட்டுக்கறி வரிசையில தள்ளிவிட்ட அதே அலர்ட், இப்ப இன்னும் ஏறிடுச்சு.

போட்டோ இல்ல அது. போஸ்ட்கிரஸ் தான் பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் முதல்ல வால்னு ஒரு குறிப்பேட்டுல எழுதும், ஒவ்வொரு துண்டும் 16 எம்பி. எங்க ஏற்பாடு என்னன்னா ஒரு துண்டு நிரம்பினதும் அதை ஆர்சிங்க்ல, எஸ்எஸ்எச் வழியா பேக்கப் சர்வருக்கு அனுப்பணும். அந்தப் பக்கம் வாங்கிக்கிட்டேன்னு சொன்னாத்தான் இந்தப் பக்கம் துண்டை விடும். அனுப்புறது போஸ்ட்கிரஸ் யூசர். அந்த யூசரோட வீடு எங்க? /வார்/லிப்/போஸ்ட்கிரஸ்க்யூஎல். அவரோட ரகசியச் சாவி எங்க? அதே வீட்டுக்குள்ள. சாவிக்கு 777. எஸ்எஸ்எச் அதைப் பாத்துட்டு, சுத்தி @ குறியா வேலி கட்டி, பாதுகாப்பில்லாத சாவின்னு எச்சரிக்கை போட்டு, அந்தச் சாவியைத் தொடவே மாட்டேன்னுடுச்சு. வெள்ளிக்கிழமை 18:47ல இருந்து ஒரு துண்டு கூடப் போகல. எல்லாம் குவிஞ்சு கெடக்கு. இதுவாவது ரீபூட்டுக்குக் காத்திருக்கல, உடனே உடைஞ்சுது, சொல்லத்தான் ஆள் இல்ல. பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர்னு ஒரு வியூ இருக்கு, அதுல தோத்துப்போன கணக்கு ஏறிக்கிட்டே இருந்திருக்கும். அதை நான் மானிட்டரிங்ல சேத்திருக்கல.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் பேனிக்னு சொல்லிட்டுப் படுத்திருக்கும். அப்ப நெறைய பேரு பண்றது, இதென்ன பழைய லாகுதானேன்னு அந்தக் குவியலை அழிச்சுடுவாங்க. அதோட கதை முடிஞ்சுது. அந்த ஃபோல்டருக்கு முன்னாடி பேரு பிஜி எக்ஸ்லாக், பேருல லாக் இருக்கிறதாலயே ஆளுங்க அழிச்சுக்கிட்டு இருந்தாங்க, 10வது வெர்ஷன்ல பிஜி வால்னு பேரையே மாத்திட்டாங்க. நான் அழிக்கல. சாவிக்கு 600, அதோட ஃபோல்டருக்கு 700. ஒரு நிமிஷத்துல துண்டு துண்டா அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சுது.

குளிச்சேன். பசியாறுனது பத்தரைக்கு, ஆறிப்போன இட்லியும் முந்தின நாள் கறிக்குழம்பும்.

அன்னைக்கு அண்ணன் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்லணும், அதுக்கப்புறம் எத்தனையோ பிரச்சினையை அதை வச்சுத்தான் அவிழ்த்திருக்கேன். நடுவுல ஒரு ஃபைலைக் காட்டி, "இது எனக்கு ஓப்பன் ஆகுதேண்ணே"ன்னேன். "நீ யாரா இருந்து பாக்குற? ரூட்டாவா? ரூட்டுக்கு எதுதான் ஓப்பன் ஆகாது, அந்த யூசராப் போயிப் பாருப்பா." ரூட்டுக்கு இந்த 7, 5, 4 கணக்கெல்லாம் பெரும்பாலும் கிடையாது. சுடூ மைனஸ் யூ போட்டு, ஓடுற யூசரோட பேருல அந்த ஃபைலைத் தொறந்து பாத்தாத்தான் சர்வருக்கு என்ன தெரியுதுன்னு நமக்குத் தெரியும்.

போன வருஷம் தெரிஞ்சவங்க அமைப்பு ஒண்ணோட வெப்சைட், புது சர்வருக்கு மாத்தினதும் 403, அதாவது பாக்க அனுமதி இல்லன்னு வருது. ஃபைலைப் பாத்தா 644, ஃபோல்டரைப் பாத்தா 755, எல்லாம் கச்சிதம், ரூட்டாப் பாத்தா ஒரு குறையும் இல்ல. நேம்ஐ மைனஸ் எல்னு ஒரு கமாண்ட் இருக்கு, பாதையை ஒவ்வொரு படியாப் பிரிச்சு எந்தப் படிக்கு என்ன பெர்மிஷன்னு காட்டும். சைட்டை ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சிருக்காங்க. உபுண்டு 21.04ல இருந்து புது யூசரோட ஹோம் ஃபோல்டர் 755 இல்ல, 750. பழைய சர்வர் அதுக்கு முந்தினது. கருவறை தொறந்திருந்து என்ன புண்ணியம், கோபுர வாசல்ல பூட்டு. ஃபோல்டருக்கு அந்த 1ங்கிற பிட் ஓட்டுறதுக்கு இல்ல, அதைத் தாண்டி உள்ள நடந்து போறதுக்கு. பாதையில ஒரு படியில அது இல்லன்னாலும் உள்ள இருக்கிற எதுவும் எட்டாது. அங்கயும் ஒருத்தர் 777 போட்டுப் பாத்து, சரிவராம பழையபடி மாத்திட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாரு, உள் ஃபோல்டருக்குத்தான் போட்டிருக்காரு, அதனால ஒண்ணும் ஆகல, நான் ஒண்ணும் சொல்லல, சொல்ற யோக்கியதையும் எனக்கு இல்ல.

பெர்மிஷன் எல்லாம் சரியா இருந்தும் டினைட்னு வந்தா, ரெட்ஹேட் வகையறான்னா எஸ்இலினக்ஸ், உபுண்டுன்னா ஆப்ஆர்மர், ரெண்டும் பெர்மிஷனுக்கு மேல இன்னொரு காவல். எஸ்இலினக்ஸ்ல ஃபைலை எம்வி போட்டு எடம் மாத்தினா பழைய எடத்து லேபிளோட வந்து உக்காரும், ரெஸ்டோர்கான் ஓட்டினா சரியாயிடும். அதைத் தெரியாம எஸ்இலினக்ஸையே ஆஃப் பண்றவங்களும் 777 போடுறவங்களும் ஒரே சாதிசனம்.

இப்ப எப்படி இருக்கேன்னா, எங்க சர்வர் எல்லாத்துலயும் வாராவாரம் ஞாயித்துக்கிழமை கெட்ஃபேக்ல் ஓடி /எடிசி, /வார் ரெண்டுக்கும் ஒரு பிரதி எடுத்து வேற மெஷின்ல வைக்குது. மொத்தமா மாத்தணும்னா நம்பர் போடுறதில்ல, எழுத்துல போடுறேன், பெரிய எக்ஸ் போட்டா ஃபோல்டருக்கும் ஏற்கனவே ஓடக்கூடிய ஃபைலுக்கும் மட்டும் அந்தப் பிட் வரும், மத்த ஃபைலைத் தொடாது. பாதையைக் கையால அடிக்கிறதே இல்ல, டேப் அமுக்கி அதுவா வந்தாத்தான் என்டர். மாசாந்திர ரீபூட் இப்ப புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாரும் முழிச்சிருக்கிற நேரத்துல. பாஸுக்குப் பிடிக்கல, ஆனா ஒத்துக்கிட்டாரு.

சர்வர் எந்திரிச்சதோட வேலை முடியல. செவ்வாக்கிழமை ஆபீஸ் போனதும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு பாக்குற மேடம் கூப்பிட்டாங்க. அந்த சர்வர்ல கஸ்டமர் பேரு, வீட்டு விலாசம், போன் நம்பர், வாசல் போட்டோ எல்லாம் இருக்கு, ஏறக்குறைய மூணு நாளா எல்லாக் கதவும் தொறந்து கெடந்திருக்கு. 2021 பிப்ரவரி 1ல இருந்து இங்க சட்டம் என்னன்னா, 500 பேரோ அதுக்கு மேலயோ பாதிக்கிற தரவுக் கசிவுன்னு முடிவானா, முடிவான மூணு நாளுக்குள்ள பிடிபிசிக்கு, அதாவது தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு, சொல்லியாகணும். எங்க கஸ்டமர் 500 என்ன, அதைவிட எத்தனையோ மடங்கு. அதனால உண்மையிலேயே யாராவது உள்ள போயி எடுத்தாங்களாங்கிறதுதான் கேள்வி. அந்த மெஷின்ல லாகின் மூணே பேருக்கு. யாரு எப்ப வந்தாங்க போனாங்கன்னு லாஸ்ட் கமாண்ட், ஆத் லாக் ரெண்டையும் எடுத்தேன். வெப்சர்வர் யூசரால எல்லா ஃபைலையும் படிச்சிருக்க முடியும், அதனால அந்த மூணு நாளு ஆக்சஸ் லாகை வரி வரியா, சந்தேகமா ஏதாவது ரிக்வெஸ்ட் வந்துச்சான்னு பாத்தேன். ரெண்டு முழு நாள் ஆச்சு அதுக்கு மட்டும். யாரும் வந்த தடயம் இல்லன்னு முடிவு பண்ணி, அதை எப்படி முடிவு பண்ணோம்னும் எழுதி வச்சோம். மேடம் நல்லவங்க, திட்டல, ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

கடைசியா ஒரு ஃபாரம். நடந்தது என்ன, எப்போ, யாரு, மூல காரணம் என்ன. மூல காரணம்ங்கிற கட்டத்துல ரொம்ப நேரம் கர்சர் துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மனிதப் பிழைன்னு எழுதலாம், செயல்முறைக் குறைபாடுன்னு எழுதலாம், அந்த மாதிரி ஃபாரத்துல எல்லாரும் எழுதுறது அதான். நான் உள்ளதை எழுதினேன், "ஒரு ஸ்பேஸ்"ன்னு.

அரை மணி நேரத்துல ஃபாரம் திரும்பி வந்துச்சு. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல மேடம் குறிப்பு எழுதியிருந்தாங்க. எந்த ஸ்பேஸ், டிஸ்க் ஸ்பேஸா? எத்தனை ஜிபி?